உள்தாழ்ப்பாள்

"எல்லா ரூமுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்."

எதைக் கேட்கவே கூடாது என்று சொல்லி அழைத்து வந்தார்களோ, அதை உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் கேட்டுவிட்டாள். அறக்கட்டளை அலுவலகத்தின் மாடியில் நிர்வாகக் குழு கூடியிருந்தது. பக்கத்தில் இருந்த மேலாளர் வாய்க்குக் கொண்டுபோன தண்ணீர்க் குவளையை அப்படியே நிறுத்தினார். பாவம், படியேறும்போதுதான் கெஞ்சியிருந்தார். "ஃபேன் கேளும்மா, பாத்ரூம்ல கைப்பிடி கேளு, எதை வேணா கேளு. தாழ்ப்பாள்னு மட்டும் வாயைத் தொறக்காத. தலைவருக்கு அந்தப் பேச்சே ஆகாது."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். பேச்சு, வீடில்லாத முதியவர்களுக்கு அவருடைய அறக்கட்டளை கட்டிய குடியிருப்பைப் பற்றி. ஆளுக்கொரு அறை, கீழே சமையல்கூடம், பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ். கூடத்தில் வரிசையாகப் படுக்கவைக்கும் விடுதி அல்ல, வீடு என்று ஊரெல்லாம் சொல்லிக் கட்டியது. யாரைக் குடிவைப்பது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான்; முதல் மாதச் சம்பளக்காரியும் அவள்தான். பேருந்து நிலையத்திலும் மேம்பாலத்துக்கு அடியிலும் மாதக்கணக்கில் தரையில் உட்கார்ந்து பேசிப் பேசி ஆட்களை அழைத்து வந்திருந்தாள். அவர்கள் கட்டடத்தை நம்பி வரவில்லை. இவள் வாயை நம்பி வந்தார்கள்.

வந்த வாரமே வம்பு தொடங்கியது. விடிந்ததும் வார்டன் ஒவ்வொரு கதவாகத் தள்ளித் தலையை நீட்டுவார், எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க. தட்டமாட்டார். தட்டினால் தூக்கம் கெட்டுவிடுமாம்! தெருவில் படுத்துப் பழகியவர்களுக்கு, தூங்கும்போது தலைமாட்டில் ஆள் நின்றால் அது போலீஸ், இல்லையென்றால் திருடன், அதுவும் இல்லையென்றால் வெளியில் சொல்ல முடியாத வேறொன்று. அதனால் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். வார்டன் கட்டில்களைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினார். கட்டிலுக்கு போல்ட் கிடைத்தது, கதவுக்குத்தான் கிடைக்கவில்லை. அவர்களும் விடவில்லை. போர்வையை விரித்துக் கதவை ஒட்டித் தரையில் படுத்தார்கள். ஒரு காலையில் வார்டன் ஓங்கித் தள்ளியதில், முன்பு லாரி ஓட்டிய கிழவர் ஒருவரின் நெற்றி பிளந்தது. தையல் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மேம்பாலத்துக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

நிர்வாகக் குழு மண்டையைக் குடைந்து அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தது. கதவு இருப்பதால்தானே இடிக்கிறது? கதவுகளைக் கழற்றிவிட்டுத் திரை போட்டால் ஆயிற்று.

"நாம பேச வந்தது திரையைப் பத்தி," என்றார் தலைவர்.

"நான் பேச வந்தது தாழ்ப்பாளைப் பத்தி, சார்."

மேசைக்கு அடியில் மேலாளரின் செருப்பு அவள் காலைத் தேடி மிதித்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

பொருளாளர் அம்மாள் சிரித்தார். "ஏம்மா, இவ்வளவு நாளா ரோட்டுல கதவே இல்லாமத்தானே இருந்தாங்க? அப்ப என்ன ஆயிடுச்சு?"

"என்ன ஆச்சுன்னு கலெக்டரைக் கேளுங்க மேடம்."

கலெக்டர் என்பது பட்டப்பெயர். பேருந்து நிலையத்தில் யார் எந்தத் தூணடியில் படுப்பது என்று தீர்ப்புச் சொல்லிவந்த கிழவி. ஊரையெல்லாம் படுக்கவைத்துவிட்டு, தான் மட்டும் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். அறைக்குள் வந்த அன்று கட்டிலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. கதவின் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். "எங்கடி தாழ்ப்பாள்?" என்றாள். "வரும் பெரியம்மா," என்று இவள் வாய்கூசாமல் சொன்னாள். அன்று தொட்டு அந்தக் கிழவி அங்கேயும் உட்கார்ந்துதான் தூங்குகிறாள். இன்று காலை மூட்டையைக் கட்டி மடியில் வைத்திருந்தாள். "கதவுல கைய வச்சாங்கன்னா நான் கெளம்பிடுவேன். உன் மூஞ்சிக்காக இருப்பேன்னு மட்டும் நெனக்காத. என்னைப் பாத்துத்தான் மத்ததுங்களும் கெளம்பும்."

"வயசானவங்க," என்றார் தலைவர். குரல் தணிந்திருந்தது. "உள்ள விழுந்தா யாரு தூக்குவா? எங்கம்மா பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டு விழுந்தாங்க. கதவை உடைச்சு உள்ள போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு."

மேலாளர் கண்ணாலேயே மன்றாடினார், இத்தோடு விட்டுவிடு தாயே என்று.

"கஷ்டம்தான் சார்," என்றாள் அவள். "அதுக்கு ஒரு பூட்டு இருக்கு. உள்ளேருந்து போட்டுக்கலாம், ஆபத்துன்னா வெளியிலேருந்து சாவி போட்டுத் தொறக்கலாம். சாவி நர்ஸ்கிட்ட இருக்கட்டும். தட்டிப் பாத்து, பதில் வரலைன்னா தொறக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்கம்மா குளிக்கிற எடத்துல திரை போட்டிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா?"

தலைவரின் முகம் கறுத்தது. "எங்கம்மாவும் இவங்களும் ஒண்ணா?"

"ஏன் சார், இல்லையா?"

அவளுக்குத் திரை என்றால் என்னவென்று தெரியும். அவள் வளர்ந்த ஒற்றை அறைக்குக் கதவாகத் தொங்கியது பழைய போர்வை. காற்றடித்தால் தெருவே உள்ளே வந்துவிடும். உடை மாற்ற ஒருத்தி, போர்வையைப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி. கல்லூரி விடுதியில் முதல் நாள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, புத்தகத்தைத் தொடாமல், ஒரு வேலையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டினாள். தட்டிவிட்டு இவள் வரும்வரை வெளியே நின்றாள். தனக்காக ஒருத்தி காத்து நிற்கிறாளே என்று இவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"இதப் பாரும்மா," தலைவர் குரலைச் சமாதானத்துக்குக் கொண்டுவந்தார். "சூட்டிகையான பொண்ணு நீ. அடுத்த கட்டடம் வருது, மொத்தப் பொறுப்பும் உனக்குத்தான்னு பேசி வச்சிருக்கோம். இப்போதைக்குத் திரை போடுவோம். மத்தது போகப் போகப் பாத்துக்கலாம்."

"போகப் போக யார் சார் இருப்பா? லாரி டிரைவர் போயாச்சு. கலெக்டர் மூட்டை கட்டியாச்சு. அப்புறம் வார்டன் மட்டும்தான் இருப்பார், அவர் உயிரோட இருக்காரான்னு யார் எட்டிப் பாக்குறது?"

பொருளாளர் அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டார். தலைவர் மேசையில் தட்டினார். "இது என் கட்டடம். முடியாதுன்னா முடியாதுதான். பிடிக்கலைன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போ."

அவள் எழுந்தாள். "எழுத மாட்டேன் சார். தூக்கணும்னா நீங்க தூக்குங்க. தூக்குற வரைக்கும் அவங்களைப் பாத்துக்குறது என் வேலை. அந்த வேலையை இன்னிக்குச் செய்யப் போறேன். தாழ்ப்பாள் மாட்டிடுவேன். கழட்டணும்னா நீங்களே வாங்க, உள்ள கலெக்டர் இருப்பாங்க. தட்டிட்டு வாங்க."

"ஏய், நில்லும்மா!" மேலாளர் பின்னாலேயே ஓடிவந்தார். "மன்னிப்புக் கேட்டுடு, நான் பேசிக்கிறேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எனக்கு நல்லது இருக்கட்டும் சார். நீங்க தண்ணியைக் குடிங்க."

விறுவிறுவென்று படியிறங்கினாள். கிழவியின் மடியில் மூட்டையைக் கண்டபோதே முடிவு எடுத்தாகிவிட்டது. மேலே போய்க் கேட்டது ஒரு மரியாதைக்கு.

கீழே கருவிப்பையோடு அவள் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். தச்சர். அந்தக் கதவுகளை மாட்டியவரும் அவரே, கழற்ற வரச்சொல்லியிருந்ததும் அவரையே.

"என்ன மருமகளே, கழட்டச் சொல்லிட்டாங்களா? மாட்டுறதுக்கும் என்னையே கூப்புடுறாங்க, கழட்டுறதுக்கும் என்னையே கூப்புடுறாங்க. இவங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்."

"கழட்டலை மாமா. குடியிருப்புக்குப் போற வழியில பூட்டு வாங்குறோம். சாயங்காலத்துக்குள்ள எல்லாக் கதவுக்கும் மாட்டணும்."

மாமா மாடியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "மேல சரின்னுட்டாங்களா?"

"இல்ல."

"அடிப்பாவி. வேலை போச்சுன்னா அக்கா என்னைத்தான் வெட்டிப் போடுவா. நீதான்டா அவளைக் கெடுத்தேன்னு."

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க வர்றீங்களா, இல்ல டிரில்லை மட்டும் குடுக்குறீங்களா?"

"டிரில்லை நீ பிடிச்சா கதவு உருப்பட்ட மாதிரிதான்," என்று முனகிக்கொண்டே பையைத் தோளில் மாட்டினார்.

மாடி ஜன்னலிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. வாயிலைத் தாண்டி, வெயிலில் இறங்கி, கடைத்தெருப் பக்கம் நடந்தாள். மாமா ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்தார்.