முதல் கோடு

பருவநிலை மாற்றத்துக்கேற்ற தொழிற்பயிற்சி என்று பேனரில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பெரும்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்குப் பஸ் மாறி வந்து தபீதாள் கற்றுக்கொண்டது அதைவிட எளிய விஷயம்: வெள்ளம் எதுவரை வரும் என்று கண்டுபிடிப்பது, ஸ்விட்ச் பெட்டியை அதற்கு மேலே ஏற்றுவது. சான்றிதழ் கிடைத்தால் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை நிச்சயம். பத்து வருஷமாக ஊரார் வீட்டுப் பாத்திரம் தேய்த்தவளுக்கு அந்தக் காகிதத்தின் மேல் இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல.

பயிற்சியாளர் ஜெஃப்ரி சார் நன்றாகத்தான் சொல்லிக்கொடுப்பார், குறை சொல்லக் கூடாது. தண்ணீர் நிரப்பிய ட்யூபைப் பிடித்து மட்டம் பார்க்கும்போதெல்லாம், "கண்ணு ஏமாத்தும், தண்ணி ஏமாத்தாது" என்பார். தபீதாள் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

செய்முறைத் தேர்வு சேலையூரில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில். பின்சுவரில் பழைய வெள்ளத்தின் கறை இருந்தது. அங்கிருந்து ட்யூபைப் பிடித்து, கீழே கார் நிறுத்துமிடத்தில் மோட்டார் ஸ்விட்ச் இருந்த சுவர் வரைக்கும் மட்டத்தைக் கொண்டுவந்து, சிவப்புப் பெயின்ட்டில் கோடு இழுத்தாள். மார்பளவுக்கு வந்தது. பெட்டி அதற்கும் ஓர் அடி மேலே ஏற வேண்டும்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பட்டாபிராமனின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். தன் ஃப்ளாட்டை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார் மனிதர்.

"இதைப் பார்த்தா வாங்க வர்றவன் கேட்டோட திரும்பிடுவான் சார். முழங்கால் உயரத்துக்குப் போடச் சொல்லுங்க. இல்லேன்னா வேற பில்டிங் பார்த்துக்கோங்க."

ஜெஃப்ரி சார் அவளைத் தனியே கூப்பிட்டார். "கொஞ்சம் இறக்கிப் போட்டுடும்மா."

"மட்டம் அங்கதான் சார் கீது. தண்ணி ஏமாத்தாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாதா? வேலை சரியா முடிஞ்சதுன்னு அவர் கையெழுத்துப் போடலேன்னா உனக்கு சர்டிபிகேட் வராது. அப்புறம் உன் இஷ்டம்."

இஷ்டமாம். கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு இஷ்டம் என்கிறார்கள் படித்தவர்கள். தபீதாள் முதல் கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தாள். முழங்கால் உயரத்தில் இரண்டாவது கோடு போட்டு, அதற்கு ஓர் அடி மேலே பெட்டியைப் பொருத்தினாள். சான்றிதழ் வந்தது, வேலையும் வந்தது.

கார்த்திகையில் மழையும் வந்தது. கட்டடத்துக்குள் தண்ணீர் ஏற ஏற, வாட்ச்மேன் கதிரேசன் மோட்டாரை நிறுத்தப் போய் கரண்ட் அடித்து விழுந்தார். உயிர் பிழைத்தார். வலது கையை எடுத்துவிட்டார்கள்.

பெட்டி பொருத்தியது யார் என்று தேடியபோது தேர்வுத் தாளில் தபீதாளின் பெயர் மட்டும்தான் இருந்தது. சான்றிதழ் ரத்து. கான்ட்ராக்டர் இனி வர வேண்டாம் என்றார்.

தண்ணீர் வடிந்ததும் விளக்கம் கேட்க அவளைக் கட்டடத்துக்கு வரச் சொன்னார்கள். ஜெஃப்ரி சாரும் பட்டாபிராமனும் சுவர் முன்னால் நின்றிருந்தார்கள். சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்து முதல் கோடு சிவப்பாகத் தெரிந்தது. அதற்கு இரண்டு விரல் கீழே புதுக் கறை.

"பாருங்க சார்" என்றாள் தபீதாள். கறையை விரலால் தொட்டுக் காட்டினாள்.

ஜெஃப்ரி சார் கிட்டே வந்து கோட்டையும் கறையையும் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார், செயலாளர் எதிரிலேயே சொல்லிவிடுவார் என்று அவள் நம்பினாள்.

அவர் செல்போனை எடுத்தார். "அடுத்த பேட்ச்சுக்கு நல்ல எக்ஸாம்பிள்" என்றார். "கொஞ்சம் தள்ளிக்கோம்மா. உன் நிழல் கோட்டு மேல விழுது."