நல்லுசாமியும் நகரத்து வெளிச்சமும்

1.
இது கட்டுரையாகத்தான் பிறந்தது. எண்ணெய் விலை ஏறிக் கிடந்த 1980இல், நகரங்கள் நீர்மின்சாரத்துக்கு மாறுவது எப்படி என்று எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை கேட்டது. ‘நகரங்களே வழிகாட்ட வேண்டும், ஏனெனில்…’ (அடித்துவிட்டேன்.) என் கோலாலம்பூர் அறையில் விசிறிச் சத்தம்தான் துணை. இந்த விசிறியை எங்கோ ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியதும் நல்லுசாமி வந்துவிட்டார்.

2.
நகரத்துக்கு மின்சாரம் அனுப்பும் ரிங்லெட் மலை அணையில் தண்ணீர் உள்ளே போகும் வாயில் ஒரு கம்பித் தடுப்பு. அதில் சேரும் சருகையும் முட்டைக்கோஸ் இலையையும் வாரிப் போடுவது அவர் வேலை. (மீசை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன்.) மனைவி இறந்துவிட்டார். மகள் அம்சவல்லி கோலாலம்பூரில். தேயிலைத் தோட்டத்து லயனில்* தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிடுகிறார்.

*தொழிலாளர் வரிசை வீடுகளான லயனுக்குத் தோட்டத்து இஞ்சின்தான் மாலையில் கொஞ்ச நேரம் வெளிச்சம் தரும். அணையின் மின்சாரம் தலைக்கு மேலே கம்பியில் போய்விடும். கட்டுரையில் இதற்கு இடமில்லாமல் போனதில் எனக்கு எரிச்சல்.

3.
ஞாயிறுதோறும் சலீமின் சாப்பாட்டுக் கடைக்கு மகள் போன் செய்வாள். தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சுவாள். அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்.

“நான் வந்துட்டா குப்பைய யாரும்மா வாருறது? ஒங்க டவுனே இருட்டாயிரும்லா.”

அன்று பேச்சின் நடுவே அவள் வீட்டில் விளக்கு அணைந்தது. அதைச் சொன்னாள். தான் கடைக்கு வந்த நேரம் பார்த்துக் கம்பி அடைத்துக்கொண்டது என்றே நல்லுசாமி நம்பினார். போனைச் சலீம் கையில் திணித்துவிட்டு மழையில் அணைக்கு ஓடினார். (இந்த வயதில் ஓடுவாரா? ஓடட்டும். ஒரு ஊரே தன்னை நம்பியிருப்பதாக நினைக்கிறாரே.)

4.
அவர் வாரத் தொடங்கும் முன்பே மகள் வீட்டில் விளக்கு எரிந்தது. பியூஸ் போயிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் மாற்றிவிட்டார்.

“அப்பாகிட்ட சொல்லிருங்க பாய், அவரு இல்லாட்டியும் இங்க எரியும்னு,” என்றாள் அம்சவல்லி. “இனியாச்சும் வரச் சொல்லுங்க.”

முடிவு ஒன்று: சலீம் உண்மையைச் சொல்கிறார். நல்லுசாமி மகளிடம் போகிறார். அங்கே விசிறிக்குக் கீழே, யாருக்கும் தேவைப்படாமல்…

முடிவு இரண்டு: நீங்கள் வாரியதும் வெளிச்சம் வந்துவிட்டது என்கிறார் சலீம். நல்லுசாமி தலை நிமிர்ந்து லயனுக்குத் திரும்புகிறார். சோறு வைக்கிறார். தனியாக…

இரண்டையும் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. என் அறையிலும் யாரும் இல்லை.

5.
அதனால் போனை நீங்கள் பிடியுங்கள். மறுமுனையில் மகள் காத்திருக்கிறாள். நல்லுசாமி வாசலில் வந்து நிற்கிறார், சட்டையெல்லாம் நனைந்து, கையெல்லாம் சேறாக.

“வந்துருச்சா?”

உங்களைத்தான் கேட்கிறார்.