மீன் ஏற்றினால் நிற்கும் லொறி

ஸெய்னுதீனின் லொறி நெல் மூட்டை ஏற்றினால் ஓடும், மீன் பெட்டி ஏற்றினால் நிற்கும். கிண்ணியாவில் இந்தக் கதை தெரியாத ஆள் இல்லை. லொறிக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். துறையில் அக்கரை போகும் பாதைப் படகுக்குக் காத்து நிற்கிறவர்களுக்கு வேறு என்ன வேலை, ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஸெய்னுதீனுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் பழி போட்டது ஒரே ஆளின் தலையில்தான். கப்பல்துறையில் கராஜ் வைத்திருக்கும் தங்கரத்தினம்.

அதற்கும் காரணம் இருந்தது. மீன் ஓட்டம் தொடங்கிய புதிதில், ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் பலகை இடுக்கால் ஒழுகி டீசல் டேங்கிக்குள் போய்விட்டது. தங்கரத்தினம்தான் டேங்கியைக் கழற்றிக் கழுவி, பம்பையும் பிரித்துத் துடைத்துப் பூட்டிக் கொடுத்தார். "இனி ஒரு சொட்டு உப்புத்தண்ணியும் உள்ள போகப்படாது நானா" என்று, அண்ணனை அழைக்கிற முறையில், சொல்லித்தான் அனுப்பினார்.

ஸெய்னுதீன் எதையும் அரைகுறையாகச் செய்கிற மனிதர் அல்ல. அன்றைக்கே பழைய டியூப் ஒன்றை வெட்டி, டேங்கி மூடியைச் சுற்றி இறுக்கிப் போர்த்து, கம்பியால் முறுக்கிக் கட்டினார். மீன் ஓட்டத்துக்குக் கட்டுவார், நெல் ஓட்டத்துக்கு அவிழ்த்துவிடுவார். ஆனால் பம்பில் கைவைத்த பிறகுதான் இந்தப் புது வருத்தம் வந்தது. இறக்கக்கண்டியில் மீன் ஏற்றிக்கொண்டு பட்டினத்து ரயில் நிலையத்துக்கு வரும் வழியில் எஞ்சின் இளைக்கும், இருமும், படுத்துவிடும். போன கிழமை ரயிலும் போய், மீனும் நாறிப்போனது.

மீன் முதலாளி கனகசுந்தரம் சத்தம் போடாத மனிதர். அதனால்தான் அவர் சொல்வது பயமாக இருக்கும். "இண்டைக்கும் ரயில் தவறினா, நாளைக்கு நான் வேற லொறி பாக்கிறன்" என்றார்.

"லொறியில பிழையில்ல முதலாளி. அந்தத் தங்கரத்தினம் பம்பைக் கெடுத்துப்போட்டார்."

சொல்லிவிட்டு ஸெய்னுதீன் மனதுக்குள் கணக்குப் போட்டார். அறுவடை முடிந்துவிட்டது. அடுத்த போகம் வரை லொறிக்கு வேறு வேலை கிடையாது. மகள் றஹ்மாவுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீடு கூரையில்லாமல் நிற்கிறது. வீடு முடியாமல் மாப்பிள்ளையை எப்படி அழைப்பது? இந்த மீன் ஓட்டம் போனால் எல்லாம் போச்சு.

வெறும் லொறியோடு கப்பல்துறைக்குப் போய்த் தங்கரத்தினத்தை ஏற்றிக்கொண்டு இறக்கக்கண்டிக்கு வந்தார். "கராஜில கொண்டுவந்து விட்டா நல்லாத்தானே ஓடுது. வருத்தம் வாற இடத்திலதான் பாக்கவேணும்" என்று சொல்லி, தங்கரத்தினமும் ஸ்பானர் சாவிப் பையோடு ஏறிக்கொண்டார்.

மீன் ஏற்றியாயிற்று. நிலாவெளி உப்பளத்தடியில் லொறி வழக்கம்போல் படுத்தது.

ஸெய்னுதீன் குதித்திறங்கி, கம்பியை அவிழ்த்து, டேங்கி மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு எடுத்தார். குச்சி கழுத்துவரை நனைந்திருந்தது. அதை ஊருக்கே காட்டுவதுபோல் தூக்கிப் பிடித்தார். டீசல் இல்லாமல் தெருவில் நின்றான் என்ற பெயரைவிட ஒரு டிரைவருக்குக் கேவலம் வேறில்லை. லொறி எங்கே நின்றாலும் அவருடைய முதல் வேலை இதுதான்.

மறுபக்கம் பொனட்டுக்குள் தலையை விட்டிருந்த தங்கரத்தினம் பில்டர் நட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். டீசல் வந்தது. நட்டை இறுக்கினார். எஞ்சினும் பிடித்தது.

"பைப்பில எங்கயோ காத்து இழுக்குது" என்றார், ஒவ்வொரு மூட்டாக இறுக்கிக்கொண்டே.

"உங்கட கை பட்டபிறகுதான் இழுக்குது பாஸ்" என்றார் ஸெய்னுதீன், மூடியை மறுபடி போர்த்துக் கட்டிக்கொண்டே.

உப்புவெளிக்குக் கிட்ட மறுபடியும் நின்றது. ஸெய்னுதீன் குச்சியை எடுத்தார். தங்கரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை.

"நிண்ட நிண்ட இடமெல்லாம் குச்சியைத் தூக்குறீங்க! டீசல் இல்லையெண்டு நான் சொன்னனானா?"

ஸெய்னுதீனுக்குச் சுருக்கென்றது. குச்சியை வீசிவிட்டு, தெருவோரக் கல்லில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பம்பைக் கெடுத்தவர் தானே பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கரத்தினம் நட்டைத் தளர்த்தினார், கைப்பம்பை அடித்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் அடித்தார். டீசலும் இல்லை, நுரையும் இல்லை. வியர்வைதான் வந்தது. பெட்டிகளில் ஐஸ் கரைந்து தெருவில் சொட்டியது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஸெய்னுதீனின் கோபமெல்லாம் இறங்கிப் பயம் பிடித்துக்கொண்டது. போச்சு, இன்றைக்கும் ரயில் போச்சு.

அப்போது சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, அக்கறையாகத்தான் கேட்டார்.

"என்ன நானா, டீசல் முடிஞ்சுதோ?"

பயமும் மறந்தது, ரோசமும் மறந்தது. ஸெய்னுதீன் பாய்ந்து போய்க் குச்சியைப் பொறுக்கிக் கம்பியை அவிழ்த்து மூடியைத் திருகினார். டேங்கி 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக மூச்சிழுத்தது. அதன் தகரம் 'டொக்' என்றது. அதே நேரம் பொனட்டுக்குள்ளிருந்து ஒரு அலறல். கைப்பம்பை விடாமல் அடித்துக்கொண்டிருந்த தங்கரத்தினத்தின் முகத்தில் டீசல் பீறிட்டிருந்தது.

முகத்தைத் துடைக்காமலே அவர் இந்தப் பக்கம் ஓடிவந்தார். "இப்ப என்ன செய்தீங்க?"

"ஒண்டும் செய்யல்ல. குச்சிதான் விட்டனான்."

தங்கரத்தினம் மூடியை வாங்கிப் பார்த்தார். டியூபைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"நீங்கதானே உப்புத்தண்ணி போகப்படாதெண்டீங்க!"

"நானா, பால் டின்னில ஒரு ஓட்டை போட்டா பால் வருமா?"

"வராது. மற்றப் பக்கமும் ஒரு ஓட்டை வேணும். காத்துப் போக..."

சொல்லிக்கொண்டு வந்தவர் மூடியைப் பறித்து டியூபை விலக்கினார். மூடியின் நடுவில், டியூபுக்கு அடியில், ஊசி முனையளவு ஒரு துவாரம் இருந்தது. டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போகிற வழி. அதைத்தான் அவர் தன் கையால் அடைத்து, கம்பியும் கட்டி வைத்திருந்தார். இத்தனை நாளும் லொறியைக் கிளப்பியது பில்டர் நட்டு அல்ல, அவருடைய குச்சி.

"பைப்பில காத்து இழுக்குதெண்டு நானும் தேடினனே" என்று தங்கரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். "டேங்கிக்குள்ள போறதுக்குத்தானே காத்துக்கு வழியில்ல!"

டியூபைக் கழற்றி எறிந்தார்கள். ஒழுகுகிற தண்ணீர் மூடியில் விழாமல் ஒரு தகரத்துண்டைச் சரித்துச் செருகினார்கள். அதன்பிறகு லொறி ரயில் நிலையம் வரும்வரை ஒரு இருமல்கூட இருமவில்லை. ரயில் இன்னும் புறப்படாமல் நின்றது. கடைசிப் பெட்டியும் ஏறியது.

முன்பே பஸ்ஸில் வந்து காத்திருந்த கனகசுந்தரம் கிட்ட வந்தார்.

"பிழை பிடிபட்டுதோ? நீங்கள் சொன்னமாதிரி பம்புதானே?"

தங்கரத்தினம் டீசல் வழிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டே ஸெய்னுதீனைப் பார்த்தார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், தன் மானம் தப்பும் என்பது ஸெய்னுதீனுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் இப்படிப்பட்ட மடையனுக்கு யார் மீன் கொடுப்பார்கள் என்பதும் தெரியும்.

"இல்ல முதலாளி. தங்கரத்தினம் பாஸில ஒரு பிழையுமில்ல. டேங்கிட மூச்சை நான்தான் கட்டி வச்சனான்."

டியூப், கம்பி, குச்சி எல்லாவற்றையும் அவரே சொன்னார். பெட்டி ஏற்றிய கூலியாட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாளை விடிவதற்குள் கிண்ணியாத் துறைக்கு இது போய்ச் சேர்ந்துவிடும். கனகசுந்தரம் மட்டும் சிரிக்கவில்லை. புறப்படும் ரயிலைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார், ஸெய்னுதீனையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்கு வலை வெள்ளனவே கரையேறும்" என்றார். "நேரத்துக்கு வந்திடுங்கோ."

ஸெய்னுதீன் தலையை ஆட்டினார், முதலாளி படியிறங்கிப் போன பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றார்.