துண்டுக்குள் இரண்டு விரல்

கலவை ஊர்ப் பக்கத்துக் கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் சேர்த்து, உப்புப் போட்டு, ஆம்பூரில் சர்தார் பாஷாவின் தொழிற்சாலைக்குக் கொடுப்பது பிரேம்நாத்தின் முப்பது வருட வியாபாரம். இந்த வருடம்தான் பாஷாவின் மகன் சுஹேல் அகமது அதை முத்திரைத்தாளில் ஏற்றினான்: ஒரே விலை, பன்னிரண்டு மாதம், பாதியில் நிறுத்தினால் தோலுக்குப் பத்து ரூபாய் நஷ்டஈடு. கையெழுத்துப் போட்ட மூன்றாம் மாதமே சந்தை ஏறிவிட்டது. ராணிப்பேட்டைக்காரர் ஒருவர் தோலுக்கு நாற்பது ரூபாய் கூடத் தருகிறேன் என்கிறார்.

“பத்தைக் குடுத்துட்டு வெளிய வந்துடுங்கப்பா. அப்பவும் முப்பது ஜாஸ்திதான். அதுக்குத்தானே அந்தப் பத்தை எழுதி வெச்சிருக்காங்க,” என்றாள் மகள் கவிப்ரியா. பி.காம் படித்த பெண். சொன்னதில் ஓட்டை ஒன்றும் இல்லை. அதுதான் பிரேம்நாத்துக்குப் பேஜாராக இருந்தது. பாஷா நாற்பது தராவிட்டால் முறித்துக்கொள்வது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

பஸ்ஸில் பாஷாவோடு நடந்த முதல் பேரம் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அப்போதெல்லாம் தோல் மண்டியில் வாயைத் திறக்கமாட்டார்கள். துண்டுக்கு அடியில் கைதான் பேசும். வாங்குகிறவர் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ, அத்தனை பத்து. பிரேம்நாத்துக்கு வலது மோதிர விரல் பாதிதான். வாலிப பாஷாவின் பிடியில் நாலு விரல் அகப்பட்டது. நாற்பது என்று அவர் நினைத்தார். முழுக் கையையும் பிடித்துவிட்டாரே, ஐம்பது என்று இவர் நினைத்தார். சரக்கு இறங்கிய பிறகுதான் சண்டை. பாஷா இவர் கையைத் திருப்பிப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“ஒன் கைக்கு அம்பதுன்னு வந்துதா? அப்ப அம்பதுதான்.”

அந்த லோடில் பாஷாவுக்குக் கையைக் கடித்தது. எவ்வளவு நல்ல காலம் அது என்று பிரேம்நாத் நினைத்துக்கொண்டார்.

பாஷா நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்து எட்டு மாதம். வலது கை இப்போதுதான் கொஞ்சம் அசைகிறது. விஷயத்தைக் கேட்டதும் சுஹேல் முந்திக்கொண்டான்.

“நாப்பது ஏத்தினா எங்களுக்கு ஒண்ணும் நிக்காது அங்கிள். நீங்க நிறுத்திட்டா வெளிநாட்டு ஆர்டரே போய்டும். ஒங்க பத்து ரூபாயை வெச்சுக்கிட்டு நாங்க இன்னா பண்றது?”

பாஷா தோளிலிருந்த துண்டை இழுத்து பிரேம்நாத்தின் கைமேல் போட்டார். உள்ளே அவர் விரல்கள் தடவித் தடவி வந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிடிபட்டன. மொட்டை விரலைத் தாண்டிச் சுண்டுவிரலுக்கு நீண்டன, நழுவின. கட்டைவிரலுக்கு நீண்டன, அங்கும் நழுவின. அவர் நெற்றி வேர்த்துவிட்டது.

எத்தனை விரலைத் தேடுகிறார் என்று பிரேம்நாத்துக்குத் தெரிந்துபோயிற்று. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும். பிரேம்நாத் தன் கையை உருவிக்கொண்டார்.

“இருபது. எனக்குச் சம்மதம். எழுது தம்பி.”

“டேய், நான் நாலு புடிக்க வந்தேன்டா,” என்றார் பாஷா, நாக்குக் குழற.

“என் கைக்கு ரெண்டுதான் வந்துது பாய்.”