கயிற்றில் ஒரு கறுப்புப் பாவாடை

பரணை ஒழித்தபோது அந்தக் கறுப்புப் பாவாடை கையில் சிக்கியது. விஜயலட்சுமிக்கு மனசு அப்படியே இளகிவிட்டது. தாராவி வீட்டைக் காலி செய்து, மகனோடு டோம்பிவிலிக்குப் போகிற நாள் அன்று.

"ஏட்டி சேசு, இது ஞாபகமிருக்கா?"

சாமான் கட்ட வந்திருந்த பக்கத்து வீட்டுச் சேசம்மாள் முகத்தைச் சுளித்தாள். பாவாடை கட்டிய நாள் தொட்டே சிநேகிதி. "இன்னுமா வச்சிருக்க? என்னயக் கொல்லப் பாத்த சனியன்லா அது."

நிஜந்தான். வயசுக்கு வந்த காலத்தில் மாதாமாதம் தையல் பட்டறைக் கழிவுத் துணிதான் இருவருக்கும். அலசி, மாடிக் கயிற்றில், யார் கண்ணிலும் படாமல் இந்தப் பாவாடைக்கு அடியில் போடுவார்கள். இருவருக்கும் இது ஒன்றுதான். கயிற்றில் இது தொங்கினால் ஒருத்திக்குத் தூரம் என்று அர்த்தம். அவள் கேட்காமலே மற்றவள் குழாயடியில் அவள் குடத்தையும் நிரப்பிவந்து வைப்பாள். அந்த ஒத்தாசையை நினைத்தால் விஜயலட்சுமிக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் அடியில் கிடந்த துணி என்றைக்குக் காய்ந்தது? ஒரு மழைக்காலத்தில் ஈரத்துணியையே வைத்து வைத்துச் சேசம்மாளுக்குப் புண்ணாகி, காய்ச்சல் கண்டு, பிழைத்ததே பெரும்பாடு. வெயிலில் காயாத துணியைத் தொடாதே என்று டாக்டரம்மா ஏசி அனுப்பினாள். வீட்டுக்கு வந்த சேசம்மாள் பாவாடையை உருவி எறிந்துவிட்டு, துணியைப் பட்டவர்த்தனமாக வெயிலில் போட்டாள். தெருவே திட்டித் தீர்த்தது. அடுத்த தடவை விஜயலட்சுமியும் அதன் பக்கத்திலேயே தன் துணியைப் போட்டாள். போகப் போகத் திட்டிய வீட்டுத் துணிகளும் வெயிலுக்கு வந்தன. கடை நாப்கின் எல்லாம் அதற்கு அப்புறம்தான். எறிந்த பாவாடையை எடுத்து வைத்தவள் விஜயலட்சுமி.

"கொண்டா இங்க. புது வீட்டுக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்," என்று பிடுங்கிக்கொண்டு போன சேசம்மாள், டெம்போ கிளம்பும் நேரம் வரை வரவேயில்லை. வழியனுப்பக்கூட மனசில்லையா இவளுக்கு?

வண்டியில் ஏறுமுன் அண்ணாந்து பார்த்தாள். மாடிக் கயிற்றில், நல்ல வெயிலில், அந்தக் கறுப்புப் பாவாடை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இருவருக்கும் தூரம் நின்று எத்தனையோ வருஷமாயிற்று.

"அம்மா, ஏறு. லேட் ஆகுது," என்றான் மகன் மாரீஸ்வரன்.

"செத்த நில்லுல."

கட்டி ஏற்றிய சாமானுக்குள்ளிருந்து குடத்தை உருவி எடுத்துக்கொண்டு அவள் குழாயடிக்கு நடந்தாள்.