மூச்சுக்குழாய்

"அப்ப எண்ணெய் தானா நடந்து வந்து என் தரையில படுத்துக்கிச்சு, அப்படித்தானே மச்சான்?"

"ஒழுகுது மாமா. இல்லேன்னு நான் சொல்லலியே."

"சொல்லித்தான் பாரேன். முதல்ல கேஸ்கெட்னே. அப்புறம் ஆயில் சீல்னே. இப்ப என்ன, வண்டிக்கு ஜலதோஷமா?"

மெக்கானிக் வண்டிப் பக்கம் திரும்பிக் குனிந்தான். அக்காள் புருஷனிடம் பேசி ஜெயிப்பதைவிடத் துருப்பிடித்த நட்டைக் கழற்றுவது சுலபம். நட்டுக்காவது எண்ணெய் விடலாம்.

"சாயங்காலம் பழைய பேப்பர்காரன் சாவி வாங்க வர்றான். அதுக்குள்ள பாரு" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார்.

சாவி என்றால் வீட்டுப் பின்னாலிருக்கும் ஷெட்டின் சாவி. வேலை பார்த்த பட்டறையிலிருந்து துரத்தப்பட்டதிலிருந்து மெக்கானிக்கின் ஸ்பேனர்கள் எல்லாம் நண்பன் ஒருவனின் கட்டிலுக்கடியில் சாக்கில் கிடந்தன. தம்பி சொந்தமாகப் பட்டறை போட அந்த ஷெட்டைக் கொடுங்கள் என்று அக்காள் தன் புருஷனிடம் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். தோட்டத்துப் புல் வெட்ட அவர் ஏலத்தில் எடுத்த அந்தக் கிழட்டுச் சின்ன டிராக்டரை ஒரு சொட்டு ஒழுகாமல் ஓடவைத்தால் ஷெட் மச்சானுக்கு. இல்லையென்றால் பேப்பர்காரனுக்கு.

அவன் இஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தான். பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டான். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தான். எல்லாம் பூட்டி முதல் முறை அது உறுமியபோது, யாரோ முன்பின் தெரியாதவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டதுபோல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அன்று ஒரு சொட்டுக்கூட விழவில்லை. ஒரு வாரத்தில் எண்ணெய் வந்துவிட்டது. மூட்டுக்கு நடுவில் வைக்கும் கேஸ்கெட்டை மாற்றினான், வந்தது. எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலையும் மாற்றினான், மறுபடியும் வந்தது.

வாசல் சிமெண்டுத் தரை மாமாவுக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. அதை யார் கறைப்படுத்தினாலும் வசவு அக்காளுக்குத்தான். சலவைச் சோடா போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

இந்த முறை அவன் ஸ்பேனரைத் தொடவில்லை. பெட்ரோலும் பிரஷ்ஷுமாக இஞ்சினை மினுமினுக்கக் கழுவித் துடைத்தான். "அக்கா, உன் முகப்பவுடர் இருந்தா குடேன்" என்று குரல் கொடுத்தான்.

"வண்டிக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களாடா?" டப்பாவை நீட்டிய அவள் சிரிக்கவில்லை.

இஞ்சின் முழுக்கப் பவுடரைத் தூவிவிட்டு ஓடவிட்டான். எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுத்தது. ஆனால் ஓரிடத்தை அல்ல. முன்பக்கம், பின்பக்கம், வால்வு மூடி என்று இருக்கிற மூட்டெல்லாம் ஒரே நேரத்தில் வியர்த்தது. அவன் முகம் மாறியது. ஓரிடத்தில் ஒழுகினால் அந்த இடத்தின் குற்றம். எல்லா இடத்திலும் ஒழுகினால் உள்ளே காற்று வெளியேற வழியில்லாமல் முட்டுகிறது என்று அர்த்தம். எண்ணெய் அளக்கும் கம்பியை லேசாக உருவினான். அது புஸ்ஸென்று சீறிக்கொண்டு துள்ளியது.

இஞ்சினை நிறுத்திவிட்டுக் குப்புறப் படுத்து, உள்ளே கைவிட்டு மூச்சுக்குழாயைத் தேடினான். இஞ்சினுக்குள் சேரும் காற்று அந்த ரப்பர் குழாய் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அவனே புதிதாக மாட்டியது. தன் கையால் மாட்டியது என்பதால் இரண்டு முறையும் அதை அவன் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

குழாயின் வாயில் ஒரு துணிச்சுருள் திணித்து, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவன் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் அறுந்த புத்தகப் பைக்கு அக்காள் போட்டுக்கொடுத்த அதே இரட்டை முடிச்சு. நூலை அறுத்துத் துணியை உருவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"அக்கா."

அவள் நிலைப்படியில்தான் நின்றிருந்தாள்.

"அதுலேருந்துதானேடா சொட்டுச்சு" என்றாள் மெதுவாக. "நீ வண்டிய விட்டுட்டுப் போன மறுநாள். ஒரே ஒரு சொட்டு. அவர் பாத்தா உனக்கு ஷெட்டு இல்லேன்னு ஆயிடுமேன்னு..."

"அது மூச்சு விடுற குழாய்க்கா. கொஞ்சம் ஈரம் வரத்தான் செய்யும்."

"எனக்கென்ன தெரியும்? இந்த வீட்டுல சொட்டுனா சொட்டுதான்."

"உள்ள அடைபட்ட காத்து சீல் எல்லாத்தையும் தள்ளிடுச்சு. அவர்கிட்ட நாய்படாத பாடு பட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ சீல்னு சொன்னே. நானும் சீல்தான்னு நெனச்சேன். நீ படிச்சவன் மாதிரி சொன்னேடா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கசந்துகொண்டு வந்தது.

"சரி, பரவாயில்ல. அவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன். என் வேலைல குத்தமில்லேன்னு தெரிஞ்சா ஷெட்டைக் குடுத்துத்தானே ஆகணும்?"

"குடுப்பார். நீ ஷெட்டுல இருப்பே. நான் அவரோட வீட்டுக்குள்ள இருக்கணும்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்காள் சட்டென்று இறங்கி வந்து, பவுடர் டப்பாவை எடுப்பவள்போல அவன் பக்கத்தில் குனிந்தாள். மாமா நிலைப்படிக்கு வந்துவிட்டிருந்தார்.

"என்ன மச்சான், கையில துணி? இஞ்சினுக்குள்ளேருந்தா வந்துச்சு?"

மெக்கானிக் விரல்களை மடக்கினான். எண்ணெயில் ஊறிய துணி விரலிடுக்கில் பிதுங்கி, சிமெண்டில் சொட்டியது. அக்காள் தலையை நிமிர்த்தவில்லை.

"நீயே மறந்து வச்சுட்டேன்னு சொல்லிடுடா தம்பி" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.