வலது கையில் இல்லாதது

"நான் பார்த்துட்டுத்தானே வெட்டினேன், அது தசைநாண்தான்..."

"நரம்பு! நரம்புன்னு சொல்றேன்ல, கொஞ்சம் வாயை மூடிட்டுப் பாரேன்..."

"புத்தகத்துல நீதானே படிச்ச? மணிக்கட்டுக்கு நடுவுல, தோலுக்குக் கீழ முதல்ல தெரியற வெள்ளை நாண், அதை வெட்டி மேல தூக்குன்னு!"

"படிச்சேன் தாயே. படத்துல இருக்கறது வேற, இங்க படுத்திருக்கறது வேற!"

"படுத்திருக்கறவங்கன்னு சொல்லு. மேடம் காதுல விழுந்தா தொலைஞ்ச."

"நரம்பை வெட்டிட்டு எனக்கு மரியாதை சொல்லித் தர்றியா?"

உடற்கூறு கூடத்தின் நான்காம் மேசையில் இப்படி இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து ஐந்தாவது வாரம். கத்தி பிடித்திருந்தவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தார்கள். வருகைப் பதிவில் தன் பெயரை விட்டுவிட்டதற்காக முதல் நாளே கால் மணி நேரம் வாதாடியவள். புத்தகத்தை ஏந்தி நின்றவன் ஆறடிக்கு மேல் வளர்ந்து, கழுத்தை வளைத்து வளைத்தே எதையும் பார்ப்பவன். அவனைக் கொக்கு என்றார்கள். வலது கை இந்த இருவருக்கு, இடது கை எதிரில் நின்ற வேறு இருவருக்கு. மேசையில் படுத்திருந்தவர், இறந்தபின் தன் உடம்பு படிக்கிற பிள்ளைகளுக்குப் போகட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு வயதான அம்மாள்.

முதல் நாளே, உடற்கூறு பாடம் நடத்தும் மேடம் இரண்டு விதிகளைச் சொல்லியிருந்தார். ஒன்று, மேசையில் இருப்பவரை யாரும் 'அது' என்று சொல்லக் கூடாது, 'அவங்க'தான். இரண்டு, பார்க்காமல் நரம்பை வெட்டியவர் அந்த செமஸ்டர் முழுக்கக் கத்தியைத் தொடக் கூடாது.

வக்கீலின் அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுபவர். பத்து வயதிலேயே மகள் காகித அச்சைத் துணிமேல் வைத்து, கோடு பிசகாமல் கத்தரி ஓட்டுவாள். அந்தக் கை ஆடாது என்று தெரிந்துதான் மேசையிலிருந்த எல்லோரும் முதல் கத்தியை அவளிடம் கொடுத்தார்கள். அதைப் பறிகொடுப்பது என்றால்? கத்தியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, சண்டை எதுக்கு? இழுத்துப் பாத்துடலாம். நாண்னா ஏதாவது அசையணும்" என்றான் கொக்கு.

பக்கத்தில் ஓடிய வேறொரு வெள்ளை நாணை இடுக்கியால் பிடித்து முழங்கைப் பக்கமாக மெல்ல இழுத்தான். அந்த அம்மாளின் நடுவிரல் மடங்கியது. 'இங்கே வா' என்று யாரையோ கூப்பிடுவதுபோல.

எதிர்ப்பக்கத்து இருவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை" என்றாள் வக்கீல்.

அவன் விட்டான், விரல் மெல்லத் தளர்ந்தது. இழுத்தான்; மீண்டும் கூப்பிட்டது.

"அட..." என்றாள்.

பிறகு அவள் வெட்டியதன் மேல்நுனியை இழுத்தான். எதுவும் அசையவில்லை. கீழ்நுனியை இழுத்தான். அப்போதும் இல்லை. அவள் குனிந்து வெட்டுவாயை உற்றுப் பார்த்தாள். நாண் என்றால் பளபளவென்று ஒரே கட்டியாக இருந்திருக்கும். இதற்குள்ளே சின்னச் சின்ன வட்டங்கள், நூல் கத்தையைக் குறுக்கே வெட்டினாற்போல.

"போச்சு" என்றாள்.

"கத்தாதே. மேடம் ஒன்பதாம் மேசையில இருக்காங்க. ரெண்டு நுனியையும் ஒட்ட வச்சு ஈரத்துணியைப் போட்டு மூடிடுவோம். நாளைக்கு யார் வெட்டினதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"நீ எதிர்க்கட்சிதானே? இப்ப எதுக்கு எனக்காகப் பேசற?"

"நான் ஜெயிச்சுட்டேன்ல. இனிமே பெருந்தன்மை."

அவள் ஈரத்துணியை எடுத்தாள். அந்த நரம்பின் மேல்நுனி தசைகளுக்கு அடியில் புகுந்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. துணி அவள் கையிலேயே நின்றது.

"மூடிட்டா இது எங்க போகுதுன்னு எப்படிப் பாக்கறது?"

"ஏய், வேண்டாம்..."

"மேடம்!"

மேடம் வந்தார். குள்ளமான உருவம், முழங்கை வரை மடித்த வெள்ளைக் கோட்டு. குனிந்து பார்த்தார். நிமிரவில்லை.

"யாரு?"

"நான்தான் மேடம்."

"எதை நம்பி வெட்டின?"

"புத்தகத்தை. அப்புறம்... இடது கையில இருந்துச்சு மேடம். அவங்க ரெண்டு பேரும் இப்பத்தான் அதை வெட்டித் தூக்கினாங்க. நான் பார்த்தேன். அதே இடம், அதே மாதிரி வெள்ளையா..."

"இடது கையில இருந்துச்சு. வலது கையில அந்த நாணே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்துல நரம்பு மேல தெரிஞ்சிருக்கு" என்ற மேடம் கூடம் முழுவதும் கேட்கக் கை தட்டினார். "எல்லாரும் கையுறையைக் கழட்டுங்க. கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொடட்டும். மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்குங்க. நடுவுல கயிறு மாதிரி ஒண்ணு எழும்புதா பாருங்க."

நூற்றுக்கும் மேற்பட்ட கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன.

"இருக்கு மேடம்!"

"எனக்கு ஒரு கையில மட்டும்!"

"டேய் கொக்கு, உனக்கு ரெண்டுலயும் இல்லடா!"

கொக்கு தன் மணிக்கட்டுகளை மாறி மாறிப் பார்த்தான். "பதினெட்டு வருஷமா எனக்கே தெரியாது. இல்லாததுனால ஏதாவது குறைச்சலா மேடம்?"

"ஒரு குறையும் இல்லை. கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும். இவங்களும் அப்படித்தான், ஆயுசு முழுக்கத் தெரியாமலே இருந்திருப்பாங்க. உங்களுக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கு." மேடம் வக்கீல் பக்கம் திரும்பினார். "கத்தியை வை."

"மேடம், நான் வேணும்னு..."

"வேணும்னு யாரும்மா வெட்டறாங்க? வை. அடுத்த செமஸ்டர்ல எடுத்துக்கலாம். இந்த நரம்பு மேல எங்கிருந்து வருது, கீழ எங்கெல்லாம் போகுதுன்னு சாயந்திரத்துக்குள்ள எனக்குக் காட்டணும். விரலும் இடுக்கியும் போதும்."

மதிய இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவை அழைத்தாள்.

"கத்தியைப் பிடுங்கிட்டாங்களா? உன் கையிலிருந்தா? அந்தம்மாகிட்ட ஃபோனைக் குடு, நான் பேசறேன்."

"அம்மா, சும்மா இரு. தப்பு என்னோடது."

"ஆறு மாசம் வேடிக்கை பாக்கவா உன்னை அங்க அனுப்பினேன்?"

"அம்மா, ஒரு கயித்தை இழுத்தா அவங்க விரல் மடங்குதும்மா. என்னைக் கூப்பிடற மாதிரி."

மறுமுனையில் தொழிற்சாலை இரைச்சல் தள்ளிப் போனது. பிறகு, "பயந்தியா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சாப்பிட்டுட்டு உடனே போகணும்."

பிற்பகல் முழுவதும் அவள் குனிந்த தலை நிமிரவில்லை. முந்தைய வாரங்களிலேயே தோலை நீக்கியிருந்த கையில், சுட்டுவிரல் நுனியால் தசைகளை ஒதுக்கி ஒதுக்கி நரம்பின் பின்னாலேயே போனாள். முன்கையில் ஆழத்தில் பதுங்கியது. முழங்கை மடிப்பில் ஒரே தசையின் இரு கிளைகளுக்கு நடுவே நுழைந்து வெளிவந்தது. மேற்கையில் பெரிய ரத்தக்குழாயை ஒட்டியே ஏறியது. அக்குளில் இரண்டு வேர்கள், அந்தக் குழாயை இரு பக்கமும் அணைத்து வந்து ஒன்றாகியிருந்தன. நூல் பிரியாமல், எங்கும் அறுபடாமல், இவ்வளவு தூரம். அறுபட்ட ஒரே இடம் அவள் கை பட்ட இடம்.

கீழ்ப்பக்கம் உள்ளங்கை ஏற்கெனவே திறந்திருந்தது. "கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்" என்று ஒவ்வொரு கிளையாகத் தொட்டுச் சொன்னாள். "மோதிர விரல்ல பாதி."

"பாதியா? மீதிப் பாதி?"

"வேற நரம்பு. நடுவுல கோடு போட்டுப் பிரிச்ச மாதிரி."

"யார் போட்ட கோடு?" என்றான் கொக்கு. அவள் மோதிர விரலின் அந்தப் பாதியை இன்னொரு முறை தொட்டாள். குழந்தையின் நெற்றிச் சூடு, தண்ணீரின் குளிர், ஊசியின் காது, எல்லாம் இந்த அம்மாளுக்கு இதன் வழியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். எழுபது எண்பது வருஷம்.

பக்கத்து மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். மேடமும் வந்து, அக்குளிலிருந்து விரல்நுனி வரை பார்வையை ஓட்டிவிட்டு, "ம்" என்று மட்டும் சொன்னார்.

"அடுத்தது மணிக்கட்டுப் பட்டை. அதைத் திறங்க. கத்தி யார்கிட்ட?"

"என்கிட்ட மேடம்" என்றான் கொக்கு, மாட்டிக்கொண்டவன் குரலில்.

மணிக்கட்டின் குறுக்கே தடித்த வெள்ளைப் பட்டை. அதன் ஓரத்தை ஒட்டி மெலிதாக ஏதோ ஒன்று கட்டைவிரல் பக்கம் வளைந்து போனது. கொக்கு கத்தியைக் கொண்டுபோனான், நிறுத்தினான், புத்தகத்தைப் பார்த்தான், புத்தகத்தை மூடிவிட்டு அவள் பக்கம் கழுத்தை வளைத்தான். அவள் கண்களை மூடி, விரல்நுனியைப் பட்டையின் ஓரத்தில் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"வக்கீலே, இது பட்டையோட இழையா, நரம்போட கிளையா? நீ சொன்னாத்தான் வெட்டுவேன்."